கரையான் ஏறாத வூடு

அந்த மெஷினை உள்ள கொண்டாராத. தோ, அந்தத் தகரத்துக்குக் கீழ வெச்சுட்டு நீயும் அப்பிடியே உக்காரு. மழை வலுத்துடுச்சு, இனிமே எங்க போவ? நான் ஒண்ணும் உன்னைத் தொரத்தல. டீ போட்டிருக்கேன், குடி. கேன் தண்ணியில போட்டதுதான், பயப்படாத. ஆனா அந்தத் தொளை போடற மெஷின் மட்டும் இந்தப் படியைத் தாண்டி வராது. உங்க சாரு வந்தாலும் வராது, அவருக்கு மேல இருக்கறவரு வந்தாலும் வராது. சொல்லிட்டேன்.

பேரு இன்னா சொன்ன? மேகலாவா. நல்ல பேரு. மண்ணைத் தோண்டி பாட்டில்ல போடறதுக்கெல்லாம் காலேஜுல படிப்பு இருக்குதா? சரி சரி, மூஞ்சைத் தூக்காத. நாலு வூட்டுல கதவைச் சாத்திட்டாங்கன்னு என்கிட்ட வந்துட்ட. எல்லாரும் இன்னா சொன்னாங்க? தெய்வானை அக்கா தெறந்தா நாங்களும் தெறக்கறோம்னுதானே? எனக்குத் தெரியும். கம்மனாட்டிங்க, எதுக்கெடுத்தாலும் என்னை முன்னால தள்ளிவுடுவானுங்க.

ஏன் வேணாம்ன்றேன்னு கேளு. உள்ள எம் மவ வினோ படுத்துகினு இருக்கறா. ஒம்போதாவது மாசம். தலைப்பிரசவம். மாசமா இருக்கறவ இருக்கற வூட்டுல நாங்க ஒரு ஆணி கூட அடிக்க மாட்டோம். படம் மாட்டணுமா, புள்ள பொறக்கட்டும். ஓடு ஒழுவுதா, பக்கெட்டை வெச்சுக்கோ, புள்ள பொறக்கட்டும். அப்பேர்ப்பட்ட வூட்டுல நீ வந்து நடு வூட்டுத் தரையை ஒடைக்கணும்ன்ற. உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு. இப்பவே கேளு, நான் இருக்கேன். ஒத்துக்குவாங்களா அவங்க?

பாத்தியா, சிரிக்கற.

நான் ஏதோ சுத்தம் பண்றதுக்கு எதிரி மாதிரி நெனைச்சுக்காத. இந்த ஊர்ல சுத்தம் நடக்குதுன்னா அது என்னாலதான். உங்க பெரிய சாரு, அந்தக் கண்ணாடி போட்டவரு, அவரைப் போய்க் கேளு. தெய்வானைன்னா அவருக்குத் தூக்கத்துலயும் தெரியும்.

நீ அப்ப பொறந்திருக்கவே மாட்ட. இந்தத் தெருமுனையில இருந்து ரயில்வே கேட்டு வரைக்கும் கம்பெனிதான். தோலு பதம் போடறதுக்கு மருந்து செய்வாங்க. மஞ்சளா ஒரு பவுடரு. எங்க வூட்டுக்காரரு அதுலதான் ஷிப்டு பாத்தாரு. வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷத்துல அவரு மூக்குக்குள்ள நடுத்தண்டு ஓட்டையாயிடுச்சு. இந்தப் பக்கம் நூலை வுட்டா அந்தப் பக்கம் வந்துடும். அவருக்கு மட்டும் இல்ல, அங்க வேலை பாத்த எல்லாருக்கும். ஓட்டை விழுந்தவன் பர்மனெண்டு, விழாதவன் டெம்பரரின்னு அவங்களே சொல்லிச் சிரிச்சுப்பாங்க. அப்புறம் நெஞ்சுல சளி கட்டி, இருமி இருமியே போயிட்டாரு மனுஷன். கம்பெனியை மூடிட்டு மொதலாளி எங்கயோ ஓடிட்டான். மதிலுக்குப் பின்னாடி கொட்டி வெச்ச கழிவு மட்டும் மலை மாதிரி நின்னுச்சு. மழை பேஞ்சா அது கரையும். கரைஞ்சு எங்க போவும்? எங்க கெணத்துக்குத்தான். வாளியை எறக்கினா எலுமிச்சம்பழ ஜூஸு மாதிரி வரும் தண்ணி.

வினோ கல்யாணத்துல நடந்ததைச் சொல்லணும் உனக்கு. மாப்பிள்ளை வூடு சோளிங்கரு. நல்ல பையன், அவனை ஒண்ணும் சொல்ல மாட்டேன். சம்மந்திம்மா இருக்காங்களே, சகுந்தலாம்மா, அவங்க கல்யாணத்துக்கு வரப்பவே பாட்டில் தண்ணி கொண்டாந்தாங்க. சரி, அது கூடப் பரவாயில்ல. பந்தியில உக்காந்துகினு, அத்தினி பேரு முன்னாடி, சத்தமா சொல்றாங்க: "சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குப் புள்ளைப்பேறுன்னு வந்தா நாங்களே பாத்துக்கறோம். இந்த மஞ்சத் தண்ணி ஊருக்கு எப்பிடி அனுப்பறது?"

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆவல. கையில சாம்பார் வாளி. அதை அப்பிடியே கீழ வெச்சேன். "சம்மந்தி, எம் மவளுக்கு அம்மா உயிரோடதான் இருக்கறா. தலைப்பிரசவம் எங்க வூட்டுலதான். அந்தக் கம்பெனி மண்ணு மொத்தத்தையும் அள்ள வெச்சு, கெணத்துத் தண்ணியைத் தெளிய வெச்சு, தல நிமுந்து வந்து இட்டுனு போறேன். பாத்துகினே இருங்க"ன்னு சொன்னேன். சொல்லிட்டு வாளியைத் தூக்கினு அடுத்த எலைக்குப் போயிட்டேன்.

அன்னைக்குப் புடிச்சது கண்ணு, மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் கோர்ட்டு உத்தரவு வந்து உங்க ஆளுங்க எறங்கினாங்க. எறங்கி இன்னா சொன்னாங்க தெரியுமா? கழிவு மேல கறுப்பு ஷீட்டைப் போட்டு மூடி, அதுக்கு மேல நல்ல மண்ணைக் கொட்டி, புல்லு வெச்சுடறோம், உங்களுக்கு ஒரு பார்க்கு கெடைச்ச மாதிரி ஆச்சுன்னாங்க. பார்க்காம் பார்க்கு! விஷத்துக்கு மேல ஊஞ்சல் கட்டி ஆடறதா? சோத்துக் கூடையைத் தூக்கிகினு பொம்பளைங்க நாங்க நேரா அந்த ஷீட்டுக்குன்னு தோண்டின பள்ளத்துல எறங்கி உக்காந்துட்டோம். போலீசு வந்தது. உக்காந்துகினே இருந்தோம். உங்க பெரிய சாரு கரையில நின்னுகினு, "அம்மா, மேல வாங்கம்மா, அந்த மண்ணு மேல படக் கூடாதும்மா, ஆபத்து"ன்னு கெஞ்சறாரு. "ஆபத்துன்னு தெரியுதுல்ல? அப்ப அள்ளு! மூடாத, அள்ளு! ஒரு பிடி மண்ணு கூட வுடக் கூடாது!"ன்னு நான் கத்தினது பேப்பர்ல வந்துச்சு. போட்டோவும் போட்டாங்க. தல கலைஞ்சு பேய் மாதிரி இருப்பேன் அதுல.

அள்ளினாங்க. அள்ள வெச்சேன். மஞ்ச மண்ணுல ஏதோ மருந்தைக் கலந்தா பாசி கலருக்கு மாறிடும், அப்புறம் விஷம் இல்லன்னாங்க. லாரி லாரியா போச்சு. இன்னொரு பக்கம் பூமிக்கு அடியில இருந்து மஞ்சத் தண்ணியை உறிஞ்சி, தொட்டியில வுட்டு, வெள்ளையா வெளிய எடுத்தாங்க. மாசா மாசம் எங்க கெணத்துத் தண்ணியில உங்க ஆளுங்க வந்து ஒரு மருந்தைச் சொட்டுவாங்க, உன்கிட்டயும் இருக்குமே, விஷம் இருந்தா கத்திரிப்பூ கலரு வருமே, அதுதான். மொதல்ல எல்லாம் அப்பிடியே குப்புன்னு கத்திரிப்பூ. அப்புறம் வர வர வெளுத்துச்சு. போன கோடையில ஒரு நாள் சொட்டினாங்க, கலரே வரல. தண்ணி தண்ணியாவே இருந்துச்சு. மெய்யாலும் அழுதுட்டேன் கண்ணு. அன்னைக்குத் தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தேன். குடிக்க மட்டும் இன்னும் ரவ நாள் போவட்டும்னாங்க, சரின்னுட்டேன்.

போன வாரம் சோளிங்கருல வளைகாப்பு. நான் போனேன் பாரு, அந்தத் தெளிஞ்ச தண்ணியை ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு எடுத்துனு போனேன். பூ, பழம், வளையல் தட்டோட தட்டா அதையும் வெச்சேன் சம்மந்திம்மா முன்னாடி. அவங்க அதைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாங்க, கீழ வெச்சுட்டாங்க. "ஜாக்கிரதையா இட்டுனு போங்க"ன்னாங்க. அவ்ளோதான். மூணு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

இன்னா, டீ ஆறுது பாரு.

இப்பிடி எல்லாம் முடிஞ்சு, எம் மவளை நான் நல்லபடியா இட்டுனு வந்து படுக்க வெச்சிருக்கறப்ப, உங்க பெரிய சாரு புதுசா ஒண்ணைக் கெளப்பறாரு. கூட்டம் போட்டாரே அன்னைக்கு, நீ வந்தியா? "கம்பெனி ஓடின வருஷத்தைப் பாத்தா இங்க இருக்க வேண்டிய கழிவுல பாதிதான் இருக்குது. மீதி பாதி எங்க போச்சு?"ன்னாரு. எங்களைப் பாத்துக் கேக்கறாரு! எனக்கு வந்துச்சே கோவம். எழுந்து நின்னேன். "எங்களை ஏன்யா கேக்கற? ஓடிப்போனானே மொதலாளி, அவன் சட்டையைப் புடிச்சுக் கேளு!"ன்னேன். கூட்டம் மொத்தமும் கை தட்டுச்சு. தட்டினவங்க எல்லாம் இந்தத் தெருக்காரங்கதான், தூரத்து ஆளுங்க இல்ல.

இன்னா கேட்ட? தரைக்கு அடியில இன்னா ரொப்பியிருக்குதா?

இதுல மறைக்க இன்னா இருக்குது. கம்பெனி மண்ணுதான். எங்க வூட்டுக்காரரு சூப்பர்வைசர்கிட்ட சொல்லி, டிராக்டர்ல நடை நடையா அடிச்சாரு. கம்பெனி ஓடறப்ப யாரு வேணா அள்ளிக்கலாம், எடுத்துனு போனா சரின்னுதான் இருப்பாங்க. இந்தப் பக்கம் கரையான் உனக்குத் தெரியாது. புத்துக்காடு இது. எங்க மாமியா வூட்டுல கதவு நெலை, ஒத்திரம், சாமி படம், என் கல்யாணப் பொடவை, எல்லாத்தையும் துன்னுடுச்சு. பொடவையைப் பிரிச்சா சல்லடை. அப்பதான் முடிவு பண்ணேன், நான் கட்டற வூட்டுல கரையான் ஏறக் கூடாதுன்னு. அந்த மண்ணைப் போட்டு ரொப்பினா ஏறாதுன்னு அவருதான் சொன்னாரு. ஏறல! இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு கரையான் கெடையாது. எறும்பு வராது. பூரான் வராது. தெருவுல திரியுதே பூனை, எல்லார் வூட்டுப் பரண்லயும் ஏறி குட்டி போடும், என் வூட்டுல மட்டும் போடாது. அவ்ளோ சுத்தம்.

இதைப் பாத்துட்டுத்தான் தெருவே அந்த மண்ணை அள்ளிச்சு. நான்தான் ஒவ்வொருத்தருக்கா சொன்னேன். பாவம், கரையான் துன்னு கஷ்டப்படறாங்களேன்னு.

அப்பிடிப் பாக்காத என்னை. நீ இன்னா நெனைக்கறன்னு தெரியுது. அது வேற, இது வேற. அது மழையில வெயில்ல வெளிய கெடந்தது, கரைஞ்சுச்சு, கெணத்துல எறங்குச்சு. இது உள்ள இருக்குது. மேல ஜல்லி போட்டு, சிமெண்டு போட்டு, அதுக்கு மேல செவப்பு ஆக்சைடு போட்டு மெழுவி இருக்குது. எங்கேந்து வரும் விஷம்? அங்க கெடந்த வரைக்கும் அது கழிவு. என் வூட்டுக்கு அடியில வந்துட்டா அது என் வூடு. என் வூட்டை எவனும் கழிவுன்னு சொல்லக் கூடாது.

மழைக்காலத்துல சொவத்தோரம் ரவ மஞ்சளா பூக்கும், இல்லன்னு சொல்லல. எந்த வூட்டுலதான் ஓதம் ஏறல? துணி வெச்சுத் தொடைச்சா போயிடும். பொங்கலுக்குப் பொங்கல் ஆக்சைடு அடிச்சுடுவேன், பளபளன்னு ஆயிடும். மஞ்சள்னா மங்களம்தானே, அதைப் பாத்து யாரு பயப்படுவா?

காலுல வெடிப்பா? இது சோப்புத்தூளு. நாலு வூட்டுத் துணி தொவைக்கறேன், வெடிக்காம இன்னா பண்ணும். வினோவுக்கும் சின்னதுல இருந்தே வெரல் இடுக்குல புண்ணு ஆறாது. சோளிங்கர் போய் ஒரு வருஷத்துல ஆறிடுச்சு. அதுக்கு சம்மந்திம்மா பீத்திக்கறதைக் கேக்கணுமே, நான் வேப்பெண்ணெ போட்டேன், நான் வேப்பெண்ணெ போட்டேன்னு! நான் போடாத வேப்பெண்ணெயா? இப்ப இங்க வந்து நாலு நாள்ல அரிக்குதும்மான்றா. பஸ்ல வந்த சூடுதான், வேற இன்னா.

கட்டில்ல படுடின்னா கேக்க மாட்டா. "தரைதாம்மா ஜில்லுன்னு இருக்குது"ன்னு பாயைக் கூடத் தள்ளிவுட்டுட்டு வெறுந்தரையில படுத்துகினா. வயித்துப் புள்ளைக்காரிக்கு ஒடம்பு தகதகன்னு இருக்கும். அவ சின்னப் புள்ளையில தவழ்ந்ததும் அங்கதான். அவ புள்ளை தவழப் போறதும் அங்கதான். அதுக்குத்தான் கண்ணு இத்தினியும். வெறும் தண்ணிக்காகவா பள்ளத்துல எறங்கி உக்காந்தேன்?

வினோ? எழுந்துட்டியா? யாரும் இல்லடி, சுத்தம் பண்ற ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க, மழைக்கு ஒதுங்கி இருக்காங்க. மெள்ள வா. படியாண்ட வராத, வழுக்கும். தண்ணியா? பானை பக்கத்துல கேன் தண்ணி இருக்குது பாரு, போய் எடுத்துக்கோ.

வினோ.

நில்லு. அப்பிடியே நில்லு, திரும்பாத.

இன்னாடி இது முதுவுல? மஞ்ச பூசிக் குளிச்சியா? இல்லையா? காத்தால சோப்பு போட்டுத்தானே குளிச்ச? நான் வாங்கிக் குடுத்த வெள்ளை நைட்டி இது, நேத்து நான்தானே தொவைச்சுப் போட்டேன். தோள்பட்டையில இருந்து இடுப்பு வரைக்கும்... கையைக் காட்டு. இந்தக் கையி. முட்டியிலயும் இருக்குதே. எங்க படுத்திருந்த? காட்டு. இங்கயா?

தரை ஈரமா இருக்குது. வேர்த்துக் கெடக்குது.

நீ அழாத, ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலியில உக்காரு. காலைத் தூக்கி முக்காலி மேல வெச்சுக்கோ, தரையில வெக்காத. உக்காருடின்னா.

மேகலா, இங்க வா. மெஷின் வேணாம், நீ மட்டும் வா. அந்தக் கத்திரிப்பூ மருந்து வெச்சிருக்கறல்ல? தோ பாரு, என் முந்தானையால தொடைக்கறேன், எம் மவ படுத்திருந்த எடத்துல. இதுல ஒரு சொட்டு வுடு. வுடு கண்ணு, பொடவை போனா போவுது. இன்னும் இன்னா பாத்துகினு நிக்கற? இதுக்குத்தானே படிச்ச? வுடு.

ம்.

பாத்துட்டேன். நல்லா பாத்துட்டேன். கெணத்துத் தண்ணியில கூட கத்திரிப்பூ இவ்ளோ கருப்பா வரல.

வினோ, பொடவை கட்டிக்கோ. அந்த நைட்டியைத் தொடாத, அப்பிடியே கழட்டிப் போடு, இந்தப் புள்ள கையொறை போட்டுகினு எடுக்கும். ஆட்டோ தணிகாசலத்துக்குப் போன் போடு, பஸ் ஸ்டாண்டு இல்ல, நேரா சோளிங்கருக்கே வரணும்னு சொல்லு. ஆமாடி, சோளிங்கருதான். உன் மாமியா வூட்டுக்குத்தான். பிரசவம் அங்கதான். சகுந்தலாம்மா சிரிப்பாங்கதான். வாசல்லயே நின்னு சிரிக்கட்டும், அக்கம்பக்கத்தைக் கூப்புட்டு வெச்சுகினு சிரிக்கட்டும். நான் நேரா அவங்க மூஞ்சியைப் பாத்தே சொல்லுவேன், நான் தோத்துட்டு வரல சம்மந்தி, சண்டை இன்னும் முடியல, முடியற வரைக்கும் எம் மவளைப் பாத்துக்கோங்கன்னு. அந்த வேப்பெண்ணெயையும் மறக்காம போடச் சொல்லுவேன்.

நீ எங்க கெளம்பற? உக்காரு. இந்தா சாவி. ஆட்டோ தெருமுனை தாண்டற வரைக்கும் மெஷினைத் தொடாத. அவ கண்ணு முன்னாடி என் வூட்டுல கடப்பாரை எறங்கக் கூடாது, அதுல நான் மாற மாட்டேன். அவ தெருவைத் தாண்டிட்டா அப்புறம் இது மாசமா இருக்கறவ வூடு இல்ல. அப்ப நீ போடு. தொளை மட்டும் போட்டுப் பாத்துட்டு மறுபடியும் சிமெண்டை வெச்சுப் பூசிட்டுப் போற வேலையெல்லாம் வேணாம். உங்க பெரிய சாருகிட்ட போய்ச் சொல்லு, பள்ளத்துல உக்காந்தவதான் சொல்றா, ஒரு பிடி மண்ணு கூட வுடக் கூடாதுன்னு. ஷீட்டு போட்டு மூடறேன்னு எவனாச்சும் வந்தா நான் திரும்பி வந்து இந்தப் பள்ளத்துலயும் எறங்கி உக்காருவேன். அந்த நாலு வூட்டுக்காரனையும் போய்த் தட்டு. தெய்வானை வூட்டு நடுக்கூடத்தைத் தோண்டியாச்சுன்னு சொல்லு. அப்பவும் தெறக்கலன்னா நாளைக்கு நான் வந்து தட்டறேன். நான் தட்டினா தெறப்பானுங்க.

எங்க போடணும்னா கேக்கற? மூலையில எல்லாம் வேணாம். அந்தச் செங்கல் துண்டை எடு இப்பிடி. தோ, அவ படுத்த எடத்துல கோடு போடறேன் பாரு. இங்க தல. இங்க காலு. நடுவுல வயிறு.

இங்க போடு.